பண்ருட்டி, நெய்வேலி பகுதியில் பூகம்பம் வருமா? பூமிக்கு அடியில் ஓடும் பிளவும் நம் வீட்டுச் சுவரும்

பண்ருட்டி,

ராத்திரி படுத்திருக்கும்போது அலமாரியில் பாத்திரம் கடகடவென்று ஆடினால் நெய்வேலி பக்கத்து கிராமத்து ஜனங்கள் முதலில் சொல்வது, "சுரங்கத்துல வெடி வச்சிட்டான்" என்பதுதான். அடுத்த நிமிஷம் ஒருத்தர், "இல்லப்பா, பூகம்பமாம், டி.வி.யில போடுறான்" என்று கிளப்பி விடுவார். அவ்வளவுதான், தெருவே வாசலுக்கு வந்துவிடும்.

ஆடியது எது? நம்ம பகுதிக்கு கீழே உண்மையிலேயே பூகம்பக் கோடு ஓடுகிறதா? கோடு இருந்தால் ஊரைக் காலி பண்ண வேண்டியதுதானா? பொதுமக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. இதுபற்றிய விவரம் வருமாறு:-

2001-ல் ஆடிய இரவு

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி செவ்வாய்க்கிழமை. இரவு சுமார் 8.26 மணி. புதுச்சேரிக்கு கிழக்கே வங்கக் கடலுக்கு அடியில் பூமி குலுங்கியது. ரிக்டர் அளவில் சுமார் 5.5.

புதுச்சேரி, கடலூர், சென்னை என்று கடலோரம் முழுக்க அதிர்வு தெரிந்தது. மக்கள் குழந்தை குட்டிகளோடு வீட்டை விட்டு அலறியடித்து ஓடி வந்தனர். சில கட்டிடங்களில் விரிசல் விழுந்தது. 3 பேர் உயிரிழந்தனர்.

அந்த வருஷம் ஜனவரி 26-ந் தேதிதான் குஜராத் மாநிலம் பூஜ் பகுதியில் பயங்கர பூகம்பம் நடந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டிருந்தனர். அந்தப் படங்களை பேப்பரிலும் டி.வி.யிலும் பார்த்த பயம் ஆறுவதற்குள் நம்ம வாசலிலேயே ஆட்டம் கண்டதால், பீதி இரண்டு மடங்கானது.

அதுவரை "தமிழ்நாட்டுக்கு பூகம்பம் வராது" என்று ஒரு பேச்சு இருந்தது. அது தப்பு. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி கோவைப் பகுதியில் சுமார் 6 ரிக்டர் அளவுக்கு பூகம்பம் வந்திருக்கிறது. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அது உணரப்பட்டது. நம்ம தாத்தா காலத்து சமாச்சாரம் என்பதால் ஊர் மறந்து விட்டது.

பிளவு என்றால் என்ன?

பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு கிடையாது. பல பெரிய பாறைத் தட்டுகளாக இருக்கிறது. இந்தியா இருக்கும் தட்டு வருஷத்துக்கு சுமார் 5 செ.மீ. வேகத்தில் வடக்கே நகர்ந்து ஆசியாவோடு முட்டிக்கொண்டு இருக்கிறது. முட்டும் இடம் இமயமலை. அதனால்தான் அங்கே பெரிய பெரிய பூகம்பங்கள்.

முட்டுவது வடக்கே என்றாலும் அந்த அழுத்தம் தட்டு முழுக்கப் பரவும். நம்ம பக்கத்தில் பாறைகளில் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்பு விழுந்த பழைய உடைப்புகள் உள்ளன. உடைந்த இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று தாண்டி நகர்ந்திருந்தால் அதற்குப் பெயர் பிளவு. ஆங்கிலத்தில் ஃபால்ட் என்பார்கள்.

வறட்டிக் கட்டையை இரண்டு கையால் வளைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் தாங்கும். ஏற்கனவே கீறல் இருக்கும் இடத்தில் "படக்" என்று விடும். கை அதிரும். பூமிக்கு அடியில் நடப்பதும் இதுதான். அழுத்தம் சேர்ந்துகொண்டே போகும், ஒருநாள் பிளவில் பாறை சறுக்கும், அந்த அதிர்வு மேலே வரும்.

எல்லா பிளவும் ஆபத்து கிடையாது. பல செத்துப்போன பிளவுகள். கடந்த 10 ஆயிரம் வருஷ அளவுக்குள் நகர்ந்ததற்கு அடையாளம் உள்ளதைத்தான் 'உயிருள்ள பிளவு' என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

நம்ம பகுதியில் எங்கே?

தமிழ்நாட்டுக்குள் பல பிளவுகளுக்கு நிபுணர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். காவிரி பிளவு, வைகை ஆற்றுப் பிளவு என்று பட்டியல் நீளும். அதில் நமக்கு நெருங்கிய சொந்தம், திருக்கோவிலூர்-புதுச்சேரி பிளவு.

மேப்பை எடுத்து திருக்கோவிலூரையும் புதுச்சேரியையும் ஸ்கேல் வைத்து இணைத்தால் கோடு விழுப்புரத்தை ஒட்டிப் போகும். பண்ருட்டிக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தூரம். ஆனால் நிஜப் பிளவு ஸ்கேல் கோடு மாதிரி நேராக இருக்காது. வளைந்தும் கிளை விட்டும் போகும். அதுவும் பல இடத்தில் மண்ணுக்கு அடியில் மறைந்து கிடக்கும்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2000-ஆம் ஆண்டு நாடு முழுமைக்கும் பிளவுகளையும் பழைய பூகம்பங்களையும் சேர்த்துக் காட்டும் பெரிய வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. அணை, அணுமின் நிலையம், பெரிய பாலம் போன்றவற்றுக்கு இடம் பார்க்கும்போது நிபுணர்கள் புரட்டுவது இதுபோன்ற வரைபடங்களைத்தான்.

எப்படி கண்டுபிடிக்கிறார்கள்?

கண்ணுக்குத் தெரியாத கோட்டை எப்படி வரைகிறார்கள் என்ற சந்தேகம் வரும். வழி பல இருக்கிறது.

முதலாவது, செயற்கைக்கோள் படம். நேராக ஓடி வந்த ஆறு காரணமே இல்லாமல் சடாரென்று திரும்பினாலோ, மேடும் பள்ளமும் கோடு போட்டது போல் பிரிந்து நின்றாலோ, கீழே பிளவு இருக்கலாம் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு நேரில் போய் பாறையைப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, குழி தோண்டுவது. சந்தேகப்படும் இடத்தில் நீளமாகப் பள்ளம் வெட்டி, பக்கச் சுவரில் மண் அடுக்குகளைப் பார்ப்பார்கள். கேக்கை வெட்டி ஒரு துண்டை மட்டும் கீழே இறக்கி வைத்ததுபோல் அடுக்கு நகர்ந்திருந்தால், அங்கே பூமி ஆடியிருக்கிறது. அடுக்கில் உள்ள கரித்துண்டு, மண் இவற்றின் வயதைக் கணக்கிட்டால் எப்போது ஆடியது என்றும் தெரியும்.

மூன்றாவது, பூமியைத் தட்டிக் கேட்பது. பலாப்பழத்தைத் தட்டி சத்தத்தை வைத்து பழுத்ததா என்று சொல்வது பண்ருட்டிக்காரர்களுக்கு புதிதல்ல. அதே மாதிரி மேலே இருந்து அதிர்வை அனுப்பி, கீழே பாறையில் பட்டுத் திரும்பும் அதிர்வைப் பதிவு செய்தால், உள்ளே எங்கே உடைந்திருக்கிறது என்று படம் கிடைக்கும். காவிரிப் படுகையில் எண்ணெய் தேடியவர்கள் இப்படித்தான் தேடினார்கள். நெய்வேலியும் பண்ருட்டியும் அந்தப் படுகையின் அரியலூர்-புதுச்சேரி பகுதியில்தான் வருகின்றன.

நான்காவது, சின்னச் சின்ன அதிர்வுகள். நமக்குத் தெரியாத குட்டி ஆட்டத்தைக்கூட கருவி பதிவு செய்யும். முதலில் வேகமான அலை வரும், பின்னால் மெதுவான அலை வரும். மின்னல் தெரிந்த பிறகு இடி கேட்பதுபோல. இரண்டுக்கும் இடையே ஒரு வினாடி இடைவெளி என்றால் சுமார் 8 கி.மீ. தூரம். இப்படி மூன்று ஊர் கருவிகள் சொல்லும் தூரத்தை வைத்து மூன்று வட்டம் போட்டால், மூன்றும் வெட்டும் இடம் அதிர்வின் மையம். இந்தப் புள்ளிகள் வருஷக்கணக்கில் வரிசையாக விழுந்தால், அங்கே உயிருள்ள பிளவு இருக்கிறது என்று அர்த்தம்.

சுரங்க வெடியா, பூகம்பமா?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கடினமான மணற்பாறை இருக்கிறது. அதைத் தளர்த்த வெடி வைக்கிறார்கள். அந்த அதிர்வு பக்கத்து ஊர்களுக்குத் தெரியும்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். வெடி என்றால் "டம்" என்று ஒரு குலுக்கு, ஓரிரு வினாடியில் முடிந்துவிடும். சுற்றுப்பக்க கிராமங்களுக்கு மட்டும் தெரியும். பூகம்பம் என்றால் பல வினாடி ஆடும். அதே நேரத்தில் பண்ருட்டி, கடலூர், விழுப்புரம், புதுச்சேரி என்று எல்லா ஊரிலும் தெரியும். வெளியூர் சொந்தக்காரருக்கு ஒரு போன் போட்டாலே விஷயம் விளங்கிவிடும்.

வெடிக்கும் வரம்பு உண்டு. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-ல் போட்ட சுற்றறிக்கைப்படி, பக்கத்தில் உள்ள பொதுமக்கள் வீடுகளில் தரை அதிரும் வேகம் வினாடிக்கு 5 முதல் 15 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதிர்வின் தன்மையைப் பொறுத்து அளவு மாறும். அதனால் சுவரில் விரிசல் என்று மனு கொடுப்பவர்கள் "எங்கள் வீட்டு வாசலில் கருவி வைத்து அளந்து காட்டுங்கள்" என்று கேட்கலாம். தேதி, நேரம் எழுதி வைத்துக்கொண்டால் மனுவுக்கு பலம்.

சுரங்கம் தோண்டுவதால் பூகம்பம் வருமா என்றும் கேட்கிறார்கள். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த நம்ம ஆட்கள் பாறை வெடிப்பு பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். அது 3 கி.மீ. ஆழம் தாண்டிப்போன சுரங்கம். அந்த ஆழத்து அழுத்தத்தில் பாறையே வெடித்து மேலே ஊர் குலுங்கியது. நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். ஆழம் நூறு மீட்டர் கணக்குதான். பூகம்பம் கிளம்புவதோ பல கிலோமீட்டர் ஆழத்தில். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மண்டலக் கணக்கு

வீடு கட்டும் என்ஜினீயர்களுக்காக நாட்டை பூகம்ப மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 2002-ல் திருத்திய வரைபடத்தில் 2, 3, 4, 5 என நான்கு மண்டலங்கள். எண் கூடினால் ஆபத்து அதிகம். குஜராத்தின் கட்ச் 5-வது மண்டலம்.

அந்தத் திருத்தத்தில் சென்னை 2-ல் இருந்து 3-வது மண்டலத்துக்கு ஏறியது. கோவை, சேலம், வேலூர், திருவண்ணாமலையும் 3. புதுச்சேரி, திருச்சி, தஞ்சாவூர், மதுரை 2. இந்தக் கணக்கு காலத்துக்கு காலம் மாறும் என்பதால், வீடு கட்டும்போது நடப்பில் உள்ள மண்டலம் எது என்று என்ஜினீயரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

"அப்பாடா, நமக்குப் பக்கத்து ஊர் 2-வது மண்டலம்தானே" என்று நிம்மதியாகத் தூங்கலாமா? இங்கேதான் கில்லாரி கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கில்லாரி தந்த பாடம்

மகாராஷ்டிரா மாநிலம் லாத்தூர் மாவட்டத்தில் உள்ள ஊர் கில்லாரி. பழைய வரைபடத்தில் அது 1-வது மண்டலம். அதாவது பயமே இல்லாத இடம். அங்கே உயிருள்ள பிளவு என்று வரைபடத்தில் எந்தக் கோடும் இல்லை.

1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி. விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்த ஜனங்கள் அசந்து தூங்கிக்கொண்டு இருந்தனர். அதிகாலை 3.56 மணிக்கு பூமி குலுங்கியது. அளவு 6.2. சுமார் 10 ஆயிரம் பேர் செத்துப்போனார்கள்.

அங்கே வீடுகள் எல்லாம் கனமான கருங்கல் சுவர். கல்லையும் கல்லையும் ஒட்டியது சேற்று மண். மேலே பலகை அடித்து அதன்மேல் கனமாக மண் கொட்டிய கூரை. பூமி ஆடியதும் சுவர் பிரிந்தது, கூரை அப்படியே தூங்கியவர்கள் மேல் இறங்கியது. ஓலைக் குடிசையில் படுத்திருந்த ஏழைகள் பிழைத்தார்கள்.

பிளவு எங்கே என்பது விஞ்ஞானிகளுக்குத் தெரிந்ததே அதற்குப் பிறகுதான். 2002-ல் 1-வது மண்டலம் என்பதையே எடுத்துவிட்டார்கள். லாத்தூர் 3-வது மண்டலம் ஆனது.

இதற்கு நேர் எதிரான கதை துருக்கி. அங்கே கிழக்கு அனத்தோலியப் பிளவு உலகத்துக்கே தெரிந்த கோடு. வரைபடம் பக்காவாக இருந்தது. ஆனாலும் 2023 பிப்ரவரி 6-ந் தேதி 7.8 அளவுக்கு ஆடியபோது துருக்கியில் மட்டும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சட்டப்புத்தகத்தில் இருந்த விதி கட்டிடத்தில் இல்லை.

கில்லாரியில் கோடு தெரியாது. துருக்கியில் கோடு தெரியும். இரண்டு இடத்திலும் மனுஷனைக் கொன்றது பிளவு அல்ல, மேலே விழுந்த வீடு. வரைபடம் ஒரு எச்சரிக்கை பலகை மாதிரி. அதைப் பார்த்துவிட்டு சுவரைச் சரி பண்ணினால்தான் பலன்.

கொத்தனாரிடம் கேளுங்கள்

2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் நம்ம பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது யாருக்கும் மறக்காது. புயலுக்கு பயந்தால் கூரை கனமாக இருக்க வேண்டும் என்று தோன்றும். பூகம்பத்துக்கோ கனம்தான் எதிரி. இரண்டுக்கும் பொதுவான மருந்து ஒன்று உண்டு. சுவர், கூரை, மூலை எல்லாம் ஒன்றோடு ஒன்று கட்டிப்போட்டது போல் இருக்க வேண்டும்.

செங்கல் வீடு கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

* கதவு, ஜன்னலுக்கு மேலே மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போடாதீர்கள். நாலு சுவரையும் சுற்றி ஒரே பெல்ட்டாக கம்பி வைத்து கான்கிரீட் போடுங்கள். இரண்டு கம்பி வைத்தால் குறைந்தது 3 அங்குல கனம் வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாதிரி இது வீட்டைப் பிரியாமல் பிடித்துக்கொள்ளும்.

* பேஸ்மட்டத்திலும் அதே மாதிரி ஒரு பெல்ட். மூலைகளில் அஸ்திவாரத்தில் இருந்து கூரை வரை நிற்கும் கம்பி.

* வாசலும் ஜன்னலும் மூலையை ஒட்டி வேண்டாம். 2 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

* பில்லர் கம்பியைச் சுற்றும் ரிங் முனையை சும்மா மடித்து விடாமல், 135 டிகிரி அளவுக்கு உள்பக்கம் வளைத்துச் செருக வேண்டும். ஆடும்போது ரிங் அவிழ்ந்தால் பில்லர் பிதுங்கிவிடும்.

* கீழே வெறும் பில்லர் வைத்து பார்க்கிங், மேலே நாலு மாடி என்பது ஆபத்தான அமைப்பு. 2001-ல் பூகம்ப மையத்தில் இருந்து 200 கி.மீ.க்கும் அதிகமான தூரத்தில் இருந்த ஆமதாபாத்தில் இப்படிப்பட்ட அடுக்குமாடிகள்தான் சரிந்தன. கட்டியே ஆக வேண்டும் என்றால் என்ஜினீயர் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

* கான்கிரீட்டுக்கு தண்ணீர் ஊற்றுவதில் சிக்கனம் கூடாது.

ஏற்கனவே கட்டிய வீட்டில் இருப்பவர்கள் தலைமாட்டுக்கு மேல் பரணில் உள்ள குத்துவிளக்கு, அண்டா, ஆட்டுக்கல்லை இறக்கி வையுங்கள். பீரோவை சுவரோடு கிளாம்ப் அடித்து விடுங்கள். செலவு ரொம்ப குறைவு.

ஆடினால் என்ன செய்வது?

கான்கிரீட் வீட்டில் இருந்தால் மாடிப்படிக்கு ஓடாதீர்கள், மாடியில் இருந்து குதிக்கவும் கூடாது. உறுதியான மேஜை, கட்டிலுக்கு அடியில் புகுந்து தலையை மூடிக்கொள்ளுங்கள். மண் சுவர் வீடு, வாசல் இரண்டடி தூரம் என்றால் உடனே வெளியே வந்துவிடலாம். வெளியில் மின்கம்பம், மதில் சுவர் பக்கம் நிற்கக் கூடாது. ஆட்டம் நின்றதும் கேஸ் சிலிண்டரை மூடுங்கள்.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போயிருக்கும்போது பூமி நீண்ட நேரம் ஆடினால், வேடிக்கை பார்க்காமல் உடனே மேட்டுப் பக்கம் வந்துவிடுங்கள். 2004 டிசம்பர் 26-ல் சுமத்ரா அருகே கடலடிப் பிளவு சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு உடைந்தது காலை 6.29 மணிக்கு. அலை நம்ம கரைக்கு வர 2 மணி நேரத்துக்கு மேல் ஆனது. சொல்ல ஆள் இல்லாததால் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதன்பிறகு 2007-ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2012 ஏப்ரல் 11-ல் 8.6 அளவுக்கு கடல் ஆடியபோது அங்கிருந்து உடனடியாக எச்சரிக்கை வந்தது.

வதந்தியை நம்பாதீர்கள்

"இன்னிக்கு ராத்திரி 2 மணிக்கு பெரிய பூகம்பம்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது பொய். பூகம்பம் இந்த நாள், இந்த நேரம் வரும் என்று சொல்லும் கருவி உலகத்தில் எந்த நாட்டிடமும் இல்லை. ஜப்பானிடமும் இல்லை, அமெரிக்காவிடமும் இல்லை. வந்து முடிந்த அதிர்வு எங்கே, எவ்வளவு என்பதை மத்திய அரசின் தேசிய நில அதிர்வு மையம் வெளியிடும். அதன் 'பூகம்ப்' செயலியை செல்போனில் ஏற்றிக்கொள்ளலாம். மாவட்ட கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில கட்டுப்பாட்டு அறைக்கு 1070, ஆம்புலன்சுக்கு 108.

எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வந்தால் எந்த வீடு நிற்கும் என்று ஒரு நல்ல கொத்தனாரால் சொல்ல முடியும். புது வீட்டுக்கு கடக்கால் தோண்டும் முன், "சுத்தி பெல்ட் போடுறீங்களா மேஸ்திரி?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.